என்னைப் பற்றி நானே எழுதிய நான்கு பக்கங்கள்

விருதுக்கு என் பெயரைப் பரிந்துரைக்கப் போவதாகத் தலைமையாசிரியை சொன்னபோது நான் திடுக்கிட்டது போல நடித்தேன். நன்றாகவே நடித்தேன். இருபத்தேழு வருஷமாகக் கண்ணாடி முன்னால் பழகிய முகம் அது. முதல் தடவையாக உபயோகப்பட்டது.

"எனக்கா மேடம்? என்னைவிடத் தகுதியானவங்க எவ்வளவோ பேர் இருக்காங்களே" என்றேன்.

"இருக்காங்கதான்" என்றார் அவர், கொஞ்சம்கூடத் தயங்காமல். "ஆனா கணக்குப் போட்டியில முதல் பரிசு வாங்கின பொண்ணு உங்க வகுப்புல இல்ல இருக்கா?"

முந்நூறு பள்ளிக்கூடங்கள் கலந்துகொண்ட போட்டி. பத்தாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் ஒரு பெண் முதலிடம் வாங்கிவிட்டாள். சந்தேகம் கேட்பதற்கு முன்னால் "சார், ஒரு நிமிஷம்" என்று எழுந்து நிற்பாள். அதனால் பிள்ளைகள் அவளுக்கு நிமிஷம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் என்று அவள் கேட்டால் என் பாடவேளையில் கால்வாசி காலி. விருதோ, திறமைசாலி மாணவர்களைக் கண்டெடுத்துக் கைதூக்கிவிடும் ஆசிரியர்களுக்கானது. அவள் பரிசு வாங்கிவிட்டாள், அவளுக்குக் கணக்கு வாத்தியார் நான், ஆகவே கைதூக்கிவிட்டவன் நான்தான். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பாராட்ட வேண்டுமோ, அவரே பாராட்டை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தலைமையாசிரியை படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். "கூச்சப்படாம எழுதுங்க சார்" என்றார். நான் கூச்சப்படவில்லை. நான்கு பக்கம் வந்தது.

வீட்டில் அதை மனைவியிடம் காட்டினேன். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. எதைப் படித்தாலும் அந்தக் குரல்தான் வரும்.

"'இவர் மாணவர்களின் அறிவுத் தாகத்துக்கு வற்றாத ஊற்றாக விளங்குகிறார்'" என்று வாசித்தாள், மூன்றாவது நடைமேடையில் வண்டி வந்து நிற்பது போல. "'மாற்றுச் சிந்தனைகளைப் புன்னகையோடு வரவேற்பவர். போட்டிகளுக்கு மாணவர்களைத் தாமே முன்னின்று அனுப்பி வைப்பவர்.'" தாளைக் கீழே வைத்தாள். "யாருங்க இவரு? நல்ல மனுஷனாத் தெரியறாரே. ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன்."

"உனக்கு எப்பவும் கிண்டல்தான்."

"கிண்டல் இல்லீங்க. புன்னகைன்னு போட்டிருக்கே, அதை நான் பார்த்ததே இல்ல."

பாராட்டு போதாது, ஆதாரமும் வேண்டும் என்றது படிவம். அந்த மாணவியின் விடைத்தாள் ஒன்றை, ஆசிரியர் தன் கைப்பட எழுதிய குறிப்புகளோடு இணைக்க வேண்டுமாம். ஆசிரியர் அவளை எப்படி வளர்த்தார் என்று நடுவர்கள் அதிலிருந்து புரிந்துகொள்வார்களாம். கடைசி நாள் வியாழக்கிழமை. பிள்ளைகளிடம் கொடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி ஆசிரியர் அறையில் வைத்திருந்த அவளுடைய பருவத்தேர்வு விடைத்தாளை எடுத்துக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் விரித்தேன்.

என் குறிப்புகள் இருந்தன. சிவப்பு மையில், மறக்காமல், எல்லாப் பக்கத்திலும் இருந்தன. "அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம்." "சொல்லிக்கொடுத்தபடி செய்." "விடை எங்கிருந்து குதித்தது?" மூன்றாவது கேள்விக்கு ஐந்துக்குப் பூஜ்யம். எட்டாவது கேள்விக்கும் ஐந்துக்குப் பூஜ்யம். இரண்டிலும் விடை சரி. வழிமுறை தவறு என்று எழுதி இரண்டு அடிக்கோடு இழுத்திருக்கிறேன். மொத்தம் எண்பத்து மூன்று.

அந்த எண்பத்து மூன்று எனக்கு ஏற்கெனவே பழக்கமான எண்தான். வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மா வந்திருந்தார். தையல் வேலை செய்பவர். விரலில் ஊசி ஏறிய இடத்தில் பிளாஸ்திரி. பல்கலைக்கழகம் நடத்தும் சிறப்பு வகுப்புக்கு மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளிப் பருவத்தேர்வில் தொண்ணூறு இருந்தால்தான் சேர்ப்பார்கள். இந்த வயதில் விட்டால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். மதிப்பெண்ணைத் திருத்தி அனுப்ப அதே வியாழக்கிழமைதான் கடைசி நாள். "ஏழு மார்க்தான் சார் குறையுது. ஒரு தடவை பார்க்க முடியுமா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மார்க் என்னம்மா, கடையில விக்கிற சாமானா?" சொல்லிவிட்டு, நன்றாகச் சொன்னோம் என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். அந்த அம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

இப்போது விடைத்தாளைப் படித்தேன். திருத்தவில்லை, படித்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று இருபத்தேழு வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. திருத்துவது என்றால் நான் எதிர்பார்க்கும் வரிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று விரலை ஓட்டிக்கொண்டே போவது. அரை நிமிஷத்துக்கு ஒரு பக்கம் முடிந்துவிடும்.

மூன்றாவது கேள்வி இது: பத்துப் படிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகவோ இரண்டிரண்டாகவோ ஏறலாம், எத்தனை விதமாக மேலே போகலாம்? என் வழியில் ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். இரண்டு பக்கம் பிடிக்கும். அவள் ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். "கடைசி அடி ஒன்றா இரண்டா என்பதை மட்டும் பார்த்தால் போதும்; ஒவ்வொரு படிக்கும் அதன் கீழே உள்ள இரண்டு படிகளின் விடைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம்." அதன் கீழே வரிசையாகப் பத்து எண்கள், கடைசியில் எண்பத்தொன்பது. அவ்வளவுதான். கல்லூரியில் இதை நானும் படித்தவன்தான். எதிரில் வந்து நின்றபோது அடையாளம் தெரியாமல் பூஜ்யம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

எட்டாவது கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது. வட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒன்றரை மணி நேரம், ஏழு தாள். மனைவி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, உங்களுக்குப் பரீட்சையா?" என்றாள். ஒரு கட்டத்தில் திடீரென்று புரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. இவ்வளவு அழகான ஒன்றின் பக்கத்தில் என் கையெழுத்தில் "அதிகப்பிரசங்கித்தனம்" என்று இருந்தது.

அப்போதுதான் ஓரத்தில் பென்சில் எழுத்தைக் கவனித்தேன். "எனக்குப் புரிந்தது. சரி போலத்தான் இருக்கிறது. மனம் தளராதே." எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். ஆசிரியர் அறைப் பலகையில் ஓட்டப்பந்தய நேரங்களை எழுதிப் போடுகிற கை அது. விளையாட்டு ஆசிரியை, பிள்ளைகள் விசில் டீச்சர் என்பார்கள்.

திங்கட்கிழமை காலையில் மைதானத்துக்குப் போனேன். வலைப்பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கணக்குப் படிச்சிருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டேன். கேட்ட தோரணை எனக்கே பிடிக்கவில்லை.

"பத்தாவதுல ரெண்டு தடவை படிச்சேன் சார். முதல் தடவை பத்தலைன்னுட்டாங்க."

"அப்புறம் இது சரின்னு எப்படி எழுதினீங்க?"

விடைத்தாளைப் பார்த்ததும் சிரித்தார். "ஓ, இதுவா. நீங்கதான் அவளை அடிக்கடி வெளிய அனுப்பிடறீங்களே. வராந்தாவுல தனியா நின்னா வாடிப்போயிடுவான்னு, என் மேசையில வந்து உட்காருடான்னேன். சும்மா எதுக்கு உட்காரணும், என்ன கணக்குன்னு எனக்குச் சொல்லேன்னேன். சொன்னா. புரியலைன்னேன். மறுபடியும் சொன்னா. மறுபடியும் புரியலைன்னேன். நாலாவது தடவை புரிஞ்சிடுச்சு. எனக்கே புரியுதுன்னா அது சரியாத்தானே சார் இருக்கணும்?"

"போட்டிக்குப் பேர் கொடுத்தது?"

"முதல்ல உங்ககிட்டதான் வந்திருக்கா. நூத்துக்கு நூறு வாங்கிட்டு வா, அப்புறம் போட்டியைப் பத்திப் பேசலாம்னு சொன்னீங்களாம். படிவத்துல பொறுப்பாசிரியர்னு ஒரு கட்டம் இருந்துச்சு. எந்தப் பாடம்னு கேட்கல. நான் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை பஸ்ல கூட்டிட்டும் போனேன். அவ எழுதி முடிக்கிற வரைக்கும் வெளிய உட்கார்ந்து நல்லாத் தூங்கினேன்."

போட்டிகளுக்குத் தாமே முன்னின்று அனுப்பி வைப்பவர் என்ற வரி எனக்கு ஞாபகம் வந்தது. நான்காவது பக்கம், இரண்டாவது பத்தி. பந்துச் சாக்கை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நேராகத் தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. விருதும் வேண்டும், அவளுக்கு ஏழு மதிப்பெண்ணும் வேண்டும் என்று இரண்டு நாள் குறுக்குவழி தேடினேன். கையெழுத்து அழகுக்காக ஏழு கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அவள் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். புதன்கிழமைதான் மதிப்பெண் திருத்தப் படிவத்தைக் கேட்டு வாங்கினேன்.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, பார்த்தீங்களா? ஆசிரியர் மதிப்பீட்டுல தப்புன்னு போட்டா இந்த வருஷம் விருதுக்கு உங்க பேர் போகாது. விதி அப்படி. கூட்டல் பிழைன்னு போடுங்க. யாருக்கும் வலிக்காது."

"கூட்டல் பிழைன்னா மூணு மார்க்குக்கு மேல ஏத்த முடியாதே மேடம்."

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசாச்சு? அவளுக்கு வேற எவ்வளவோ வாய்ப்பு வரும். உங்களுக்கு வருமா சார்?"

நியாயமான கேள்வி. எனக்கு வராது. இருபத்தேழு வருஷத்தில் ஒன்று வந்திருக்கிறது, அதுவும் விலாசம் மாறி. விட்டுவிட மனசே வரவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அந்தத் தையல்கார அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது ஞாபகத்தை விட்டுப் போகவில்லை.

"எனக்குப் பதிலா விசில் டீச்சர் பேரை அனுப்புங்க" என்றேன்.

"கணக்கு விருதுக்கா?"

"திறமைசாலிப் பிள்ளைகளைக் கைதூக்கிவிடற விருதுன்னுதானே மேடம் போட்டிருக்கு?"

வழக்கப்படி விசில் டீச்சரைத் தன்னைப் பற்றித் தானே எழுதித் தரச் சொன்னோம். "நான் என்ன செஞ்சேன்? புரியலைன்னு சொன்னேன், அவ்வளவுதானே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் நானே எழுதினேன். ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. நடந்ததை மட்டும் எழுதினால் இவ்வளவு சுருக்கமாக முடிந்துவிடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: விருது எங்கள் பள்ளிக்கே வரவில்லை. வேறு எங்கோ ஒரு வேதியியல் ஆசிரியருக்குப் போயிற்று. கேள்விப்பட்டதும் விசில் டீச்சருக்காக வருத்தப்பட்டேன். அதற்கு முன்னால், ஒரு நொடிதான், நமக்குக் கிடைக்காதது அவருக்கும் கிடைக்கவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தது. என் மனசு எவ்வளவு அகலம் என்று தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலை முதல் மணிக்கு முன்னால் நிமிஷத்தை ஆசிரியர் அறைக்கு வரச் சொன்னேன். படிவம் தயாராக இருந்தது. மூன்றுக்கு ஐந்து, எட்டுக்கு ஐந்து. எண்பத்து மூன்று தொண்ணூற்று மூன்றாகியிருந்தது. பெருந்தன்மையாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று குளிக்கும்போதே தயாரித்து வைத்திருந்தேன்.

"உன் வழி சரிதான். நான்தான் சரியாப் படிக்கல" என்றேன்.

அவள் விடைத்தாளை வாங்கிப் புரட்டினாள். முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. ஆறாவது கேள்வியில் நிறுத்தினாள்.

"சார், ஒரு நிமிஷம். இதுக்கு முழு மார்க் போட்டிருக்கீங்க."

"ஆமா. மிக நன்றுன்னும் எழுதியிருக்கேனே."

"இது தப்பு சார்."

எக்ஸில் ஒன்று என்பது இரண்டில் ஒன்றைவிடச் சிறியது, அப்படியானால் எக்ஸ் எவ்வளவு என்ற கேள்வி. இதற்கு என்னிடம் ஒரு சுருக்குவழி இருக்கிறது. நானே கண்டுபிடித்தது, அதில் எனக்குக் கர்வமும் உண்டு. தலைகீழாக்கு, குறியைத் திருப்பு. எக்ஸ் இரண்டைவிடப் பெரியது. முடிந்தது. இருபத்தேழு வருஷமாக எல்லா வகுப்பும் இதைக் கோரஸாகச் சொல்லியிருக்கிறது.

"மைனஸ் மூணு போட்டுப் பாருங்க சார்" என்றாள் மெதுவாக.

போட்டுப் பார்த்தேன். மைனஸ் மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்றைவிடச் சிறியதுதான். ஆனால் மைனஸ் மூன்று இரண்டைவிடப் பெரியது இல்லை. மைனஸ் நான்கு போட்டேன், மைனஸ் ஐந்து போட்டேன். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் அத்தனை எண்களும் வரிசையில் நின்று என்னைப் பார்த்தன. பழைய பாடப்புத்தகத்தில் எக்ஸ் மிகை எண் என்று ஒரு வரி இருந்தது. சுருக்குவழி ஓசையாக வரட்டும் என்று அதை நான்தான் விட்டுவிட்டேன்.

"இது தப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க போர்டுல போட்டீங்களே, அன்னைக்கே சார்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் சார். முதல் தடவையா என்னை வெளிய அனுப்பினது அன்னைக்குத்தான்."

அவள் குற்றம் சாட்டவில்லை. தேதி கேட்டேன், தேதி சொன்னாள்.

"சரி, பரீட்சையில ஏன் தெரிஞ்சே தப்பாப் போட்டே?"

"சரியாப் போட்டா ஜீரோ போடுவீங்க சார்."

ஆசிரியர் அறையில் அந்த நேரம் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். ரொம்ப நேரம் துடைத்தேன். என்னிடம் படித்தால் ஒரு பிள்ளை இதையும் கற்றுக்கொள்ளும் என்று நான்கு பக்கத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"பாதி விடைதான் சார் இருக்கு. அஞ்சுக்கு ரெண்டு கொடுக்கலாம்" என்றாள் அவள், எனக்கு உதவி செய்வது போல. "மூணு குறைச்சாலும் தொண்ணூறு வரும். கூட்டிப் பார்த்துட்டேன்."

ஐந்தை அடித்து இரண்டாக்கினேன். தொண்ணூறு. காரணம் என்ற கட்டத்தில் "ஆசிரியர் செய்த தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மணி அடித்தது. அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அவள் எனக்கு முன்னாலேயே போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

நான் அந்தக் கணக்கைப் பலகையில் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் முப்பத்தாறு பேரும் உற்சாகமாகக் கத்தினார்கள்.

"தலைகீழாக்கு! குறியைத் திருப்பு!"

அவள் வாய் மட்டும் அசையவில்லை.

"இது தப்பு" என்றேன். வகுப்பு சிரித்தது. ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். "நிஜமாத்தான் சொல்றேன். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. எப்படித் தப்புன்னு ஒருத்தருக்குத் தெரியும்." மூன்றாவது பெஞ்சைப் பார்த்தேன். "நீ எழுந்திரு."

அவள் எழுந்தாள். நோட்டை மூடினாள், பென்சிலை எடுத்துக்கொண்டாள், யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள்.

"அங்க இல்லம்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். "அங்க இல்ல. இங்க, போர்டுக்கு வா."

வாசலுக்கும் பலகைக்கும் நடுவில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நம்பவில்லை. நான் சாக்பீஸை நீட்டிக்கொண்டு நின்றேன்.